அம்மாவின் சீட்டு நோட்டு

2022 ஆடி மாதம் அம்மா சீட்டுப் பணத்தில் கை வைத்துவிட்டாள் என்று தெருவில் பேச்சு வந்தது. பெங்களூரில் ஏதோ ஒரு மீட்டிங்கில் இருந்த எனக்கு எதிர்வீட்டு அக்கா போன் செய்து சுற்றி வளைத்துச் சொன்னார். "தம்பி, அம்மா கணக்குல ஏதோ கொழப்பம் போல. ஒருதடவ வந்து பாத்துட்டுப் போப்பா."

திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் முப்பது வருடமாக ஏலச்சீட்டு நடத்தியவள் அம்மா. இருபது பேர், மாதம் 2,000 ரூபாய். ஒருவர் 8,000 தள்ளி எடுத்தால் அது இருபதாகப் பிரிந்து தலைக்கு 400 குறையும், அந்த மாதம் ஆளுக்கு 1,600 கட்டினால் போதும். யார் முழுசாகக் கொடுத்தார், யார் பாதி கொடுத்துவிட்டு பதினைந்தாம் தேதிக்குத் தவணை சொன்னார் எல்லாமே மனசில் இருக்கும். நோட்டு ஒப்புக்குத்தான். (பதிவு செய்யாத சீட்டு சட்டப்படி தவறு என்று எனக்கும் தெரியும். தெருச் சீட்டை யார் பதிவு செய்கிறார்கள்?)

அந்த மாதம் ஏற்கெனவே கொடுத்த மூன்று பேரிடம் மறுபடி பணம் கேட்டிருக்கிறாள். இரண்டு பேர் சண்டை வேண்டாம் என்று திரும்பவும் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் வாசலில் நின்று கத்தியிருக்கிறார். "பையன் ஐடில சம்பாதிக்கிறான், அப்பவும் ஆச விடல பாரு."

ஊருக்குப் போன அன்று ராத்திரியே அந்த இரண்டு பேருக்கும் என் கையிலிருந்து 3,200 ரூபாயைக் கொடுத்து விஷயத்தை முடித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. பிரச்சினையை மூடிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நீ எதுக்குடா குடுத்த? நீ குடுத்தா நான் எடுத்தேன்னு ஆயிருச்சுல்ல?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

பாட்டிக்குக் கடைசிக் காலத்தில் புத்தி பேதலித்திருந்ததால் நான் நேராக மறதி நோய்க்குத்தான் போனேன். அம்மாவின் மூச்சை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. மாடிப்படியில் இரண்டு இடத்தில் நிற்பாள், பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்குவாள். வருடக்கணக்காக அப்படித்தான். வீட்டுச் சுவரில் இருக்கும் விரிசல் மாதிரி அது எங்கள் கண்ணுக்குப் படாமல் போயிருந்தது.

அம்மா பீடி சிகரெட்டைத் தொட்டவள் இல்லை. ஆனால் 2007ல் கேஸ் வரும்வரை எங்கள் வீட்டு முன்புறம் இட்லிக்கடை இருந்தது. மரத்தூள் அடுப்பு. தகர டின்னின் நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இடித்து இறுக்கி, பாட்டிலை உருவினால் நடுவில் ஒரு குழி வரும். கீழே தீ வைத்தால் மணிக்கணக்கில் எரியும், மணிக்கணக்கில் புகையும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரே ஜன்னல், காலை நாலு மணியிலிருந்து இருபது வருடம். புகைபிடிக்காத பெண்களுக்கும் சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருவதற்கு நம் நாட்டில் அடுப்புப் புகை ஒரு பெரிய காரணம். கடையிலிருந்து வந்த காசில்தான் நான் இன்ஜினியரிங் படித்தேன்.

மதுரையில் நுரையீரல் டாக்டர் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினார். 84 காட்டியது. அடுத்து, "டெய்லி போடுற மருந்த எடுத்துக் காட்டுங்கம்மா" என்றார். உறிஞ்சும் கருவியில் போட்டு இழுக்க வேண்டிய கேப்ஸ்யூலை அம்மா தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தாள். ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் இழுத்திருக்கிறாள், எப்போது மாறியதென்று தெரியவில்லை. ஞாபகத்தைக் கெடுக்கிற நோய்க்கான மருந்தை ஒழுங்காக எடுக்க ஞாபகம் வேண்டும். இந்தச் சுழலை யார் டிசைன் செய்தார்களோ.

பிறகு ஓர் இளம் டாக்டர் மோக்கா சோதனை வைத்தார். முப்பது மதிப்பெண்ணுக்கு.

"நூறுலருந்து ஏழேழா கழிச்சுட்டே வாங்கம்மா."

தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று அம்மா ஓட ஆரம்பித்தாள். டாக்டர் போதும் என்றபோது ஐம்பத்தொன்றில் இருந்தாள். எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைக்கச் சொன்னபோது 1, 2, 3 என்று எண்களை மட்டும் இணைத்தாள். ஐந்து நிமிடம் முன்பு சொன்ன ஐந்து வார்த்தையில் இரண்டுதான் வந்தது. மொத்தம் பத்தொன்பது.

அப்போதுதான் எனக்குச் சீட்டில் நடந்தது புரிந்தது. கணக்கு அவளை விட்டுப் போகவில்லை. ஒருவரிடம் ஏலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் கையில் பணத்தைத் திணித்துவிட்டுப் போவார். அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்து வைக்கிற பிடிதான் தளர்ந்திருந்தது. இந்த நோயில் கவனம், ஞாபகம், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது எல்லாம் அடிபடலாம். உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் இழுக்கிற ஆக்ஸிஜனில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. ஆக்ஸிஜன் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. உடம்பு முழுக்க ஓடும் அழற்சி, கெட்டுப்போன தூக்கம், மூச்சுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே முடங்குவது எல்லாம் சேர்ந்துதான்.

ஆக்ஸிஜன் தயாரிக்கும் மெஷின் ஒன்றை ஹாலில் வைத்தோம். நாளுக்குப் பதினாறு மணி நேரம், ஒரு லிட்டர் வேகத்தில். 1980ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 203 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இரவில் மட்டும், மறுபாதிக்கு நாள் முழுக்க ஆக்ஸிஜன் கொடுத்துப் பார்த்தார்கள். நாள் முழுக்க எடுத்தவர்களில் இறப்பு குறைவு, ஒரு வருடம் கழித்து மூளைத்திறன் சோதனைகளிலும் அவர்கள்தான் மேல். எண்களைப் பார்த்தால் என் புத்தி ஆடத் தொடங்கிவிடும். 90 நல்லதென்றால் 98 இன்னும் நல்லதுதானே? ஒரு ராத்திரி வேகத்தை நாலுக்கு வைத்தேன். காலையில் தலைவலி என்று முனகிவிட்டு, எழுப்ப எழுப்ப மயங்கிச் சரிந்தாள். இந்த நோயாளிகள் சிலருக்கு ஆக்ஸிஜன் அதிகமானால் கரியமில வாயு உள்ளேயே தேங்கிவிடும். அதனால்தான் 88க்கும் 92க்கும் நடுவில் நிறுத்தச் சொல்கிறார்கள். டாக்டர் போனில் என்னைத் திட்டியது எழுதக்கூடியதல்ல. அன்றோடு என் கிராஃப், ஸ்ப்ரெட்ஷீட் எல்லாவற்றையும் அழித்தேன்.

சீட்டை நிறுத்திவிடலாம் என்று சொன்னேன். "பாதில நிறுத்துனா ஓடிட்டான்னுதான் சொல்லுவாய்ங்க" என்றாள். அடுத்த மாத ஏலத்துக்கு மூக்கில் டியூபோடு உட்கார்ந்து அவளே அறிவித்தாள்: "எனக்கு மூச்சுக் கோளாறு. அதுல மறதி வருது. நோட்டுல உங்க கையால எழுதாம யாரும் ஒரு ரூவா குடுக்காதீங்க." கத்திய மனிதரும் வந்திருந்தார். ஒன்றும் பேசாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அம்மா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். மீதமிருந்த ஏழு மாதமும் சீட்டு அப்படியே நடந்து முடிந்தது. அந்த 3,200 மட்டும் கிடைக்கவில்லை. அரிசி டிரம், சாமி படத்துக்குப் பின்னால், தலையணை உறை என்று எல்லா இடத்திலும் தேடிவிட்டோம். அம்மா இன்னும் தேடுகிறாள்.

அடுத்த வருடச் சோதனையில் இருபத்திரண்டு வாங்கினாள். டாக்டர் சந்தோஷப்பட்டார். அம்மாவுக்குத் திருப்தி இல்லை. இப்போது தினமும் ராத்திரி எனக்குப் போன் வரும். "அஞ்சு வார்த்தை சொல்லு." சொல்வேன். ஊர்க்கதை, எதிர்வீட்டு அக்கா மகள் கல்யாணம் எல்லாம் பேசி முடித்துவிட்டுத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள். மெஷின் பின்னால் உஸ் உஸ் என்று இரைந்துகொண்டிருக்கும். நேற்று குடை, மாம்பழம், தண்டவாளம், துணி என்று நாலு வந்துவிட்டது. ஐந்தாவதற்கு நான் வாயெடுத்தேன்.

"நீ சொல்லாத. நாளைக்கு நானே சொல்றேன்."