கொளத்தூரின் பழைய தண்ணீர்

வட சென்னையில் ரெட்டேரியை ஒட்டிய கொளத்தூர், வண்ணமீன் வளர்ப்பையும் விற்பனையையும் குடும்பத் தொழிலாகக் கொண்டவர்கள் நிறைந்த பகுதி. அங்கே வீட்டுப் புழக்கடையிலும் மொட்டைமாடியிலும் உள்ள சிமென்ட் தொட்டிகளைப் பார்வையிடுவோருக்கு முதலில் வியப்பளிப்பது, கப்பி, மோலி மீன்கள் துடிப்பாக நீந்தும் நீர் பல தொட்டிகளில் இளம்பச்சையாக இருப்பதே. வீட்டில் மீன் வளர்க்க விரும்புவோர் தேடுவதோ கடையின் கண்ணாடித் தொட்டியில் மின்னும் நீரை.

மீன் தன் செவுள்வழி வெளியேற்றுவதும், தின்னாமல் விட்ட தீவனம் அடியில் அழுகுவதால் பிறப்பதுமான அம்மோனியா நிறமற்றது என்பதால், நீரின் தெளிவு அதன் நலத்துக்குச் சான்றாகாது. பச்சை நீரில் உள்ள நுண்பாசி இந்த அம்மோனியாவையே உணவாக ஏற்கிறது. மற்ற தொட்டிகளில் அந்த வேலையைச் செய்பவை நுண்ணுயிர்கள். அவற்றுள் ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா போன்ற வேறொரு வகை நைட்ரைட்டை, நச்சுத்தன்மை மிகக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நீரில் மிதப்பதைவிடச் சுவரிலும் கூழாங்கல்லிலும் வடிகட்டியின் ஸ்பாஞ்சிலும் ஒட்டியே பெரிதும் வாழும் இவை, புதிய தொட்டியில் போதிய அளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். தண்ணீர் 'செட் ஆக' வேண்டும் என்று தொழிலாளர்கள் சொல்லும் காலம் இதுவே.

ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவும் விதத்தில் இந்த அறிவு துல்லியமாகப் புலப்படுகிறது. தேர்ந்த கை, காற்றுக் குழாயைக் கழற்றி, அழுக்கு தொட்டிக்குள் சிந்தாதபடி ஸ்பாஞ்சை ஒரு குவளையோடு சேர்த்துத் தூக்கி, அதே தொட்டியிலிருந்து மொண்ட நீருள்ள வாளியில் இரண்டு மூன்று முறை மட்டும் பிழிகிறது. பழுப்புக் கசடு இறங்குகிறது, ஸ்பாஞ்ச் இன்னும் பழுப்பாக இருக்கும்போதே தொட்டிக்குத் திரும்பிவிடுகிறது. குழாய்நீரில் உள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும் என்பதால், ஸ்பாஞ்சைக் குழாயடியில் காட்டி வெளுக்கத் தேய்ப்பது தொட்டியை மீண்டும் முதல் நாளுக்குத் தள்ளுவதாகும்.

புது நீரில் மீன் சோர்ந்தால் ஒரு பிடி கல்லுப்பு இடும் வழக்கமும் கவனத்துக்குரியது. நைட்ரைட் இரத்தத்தில் கலந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் அதன் திறனைக் கெடுப்பது. உப்பிலுள்ள குளோரைடு, செவுள்வழி நைட்ரைட் நுழைவதைத் தடுக்கிறது. வேதியியல் விளக்கம் அறியாதவரும் கைக்கொள்ளும் இம்முறையை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்குவது தவறு.

வீடுகளில் மீன்கள் மடிவது பெரும்பாலும் அலட்சியத்தால் அன்று, அளவுமீறிய அக்கறையால். புதிய தொட்டியில் சில நாள்களில் நுண்ணுயிர்ப் பெருக்கத்தால் வெண்மையான கலங்கல் தோன்றுவதும் தானே அடங்குவதும் இயல்பாக இருக்க, அதைக் கண்டு அஞ்சி மொத்த நீரையும் கொட்டிக் கூழாங்கல்லைத் தேய்த்துக் கழுவுவோர், ஒவ்வொரு முறையும் தண்ணீர் 'செட் ஆவதை'த் தொடக்கத்துக்கே கொண்டு செல்கின்றனர். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மட்டும் மாற்றுவதும், மாற்றும் நீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்தோ 'ஹைப்போ' எனப்படும் சோடியம் தயோசல்பேட் இட்டோ குளோரினை நீக்குவதும், சில நிமிடங்களில் தின்று தீரும் அளவே தீவனம் இடுவதும் போதும். மீனை விற்கும்போதே இவற்றைச் சொல்வது கடைக்காரரின் கடமை. அதனினும் பயனுள்ளது, நோயற்ற தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை அதே நீரில் நனைத்துக் கொடுத்தனுப்புவது. அத்துண்டில் ஒட்டியுள்ள நுண்ணுயிர்கள் புதிய தொட்டியில் பரவுவதால், வாரக்கணக்கான காத்திருப்பு வெகுவாகக் குறையும்.