இரண்டு பல் போதும்

சிறுதொழில்களின் வணிக அடையாளம் குறித்து ஆய்வு செய்பவன் நான். ஒரு பொருளைப் பற்றிச் சொல்லவேண்டியதை ஒரே வரியில் சொல்லவேண்டும் என்று வகுப்பில் பலமுறை பாடம் எடுத்திருக்கிறேன். அரைக்கிலோ பூண்டுப் பைக்கு ஒரு லேபிள் எழுதித் தரும்படி வட்டவடையில் ஓர் அக்கா கேட்டபோதுதான் எனக்கு அது தெரியாது என்பது தெரிந்தது. அந்தக் கதையை மாணவ நண்பர்களுக்காக இங்கே பதிகிறேன்.

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வழியாக, பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவைக் கடந்து சுமார் 45 கிலோமீட்டர் சென்றால் வட்டவடை. மாநிலம் கேரளம்; வீட்டிலும் வயலிலும் பெரும்பாலோர் பேசுவது தமிழ். மலைச்சரிவைப் படிபடியாக வெட்டிய வயல்களில் உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், பூண்டு விளைகின்றன. இங்கு விளையும் பூண்டு நெடுங்காலமாகத் தேனி மாவட்டத்து வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கி வருகிறது. அங்கே பல ஊர்ப் பூண்டோடு சேர்ந்து விற்பனையாகும்போது ஊர்ப்பெயர் கரைந்துவிடுகிறது. "மலையில இருக்குற வரைக்கும்தான் தம்பி அது எங்க பூண்டு" என்பார் அக்கா. சுற்றுலா வருபவர்களுக்கு நேரடியாக விற்றால் என்ன என்ற எண்ணத்தில் சாலையோரம் ஒரு சிறு கடை போட்டிருந்தார்.

நான் எழுதிய முதல் லேபிளில் பதினொரு வரிகள் இருந்தன. பனி, தொன்மை, பாரம்பரியம், இயற்கையின் கொடை எல்லாம் இருந்தன. இதயத்துக்கு நல்லது, இரத்த அழுத்தம் நீங்கும் என்றும் சேர்த்திருந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, 2022 டிசம்பரில் புவிசார் குறியீடு பெற்ற செய்தி நினைவில் இருந்ததால், 'காந்தல்லூர் வட்டவடை வெளுத்துள்ளி' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தேன்.

கடையில் முதலில் நின்றவர் மதுரைப் பக்கத்து அம்மா ஒருவர். பையை எடுத்தார், படித்தார், திருப்பிப் பார்த்தார், வைத்துவிட்டார். "இது கொடைக்கானல் பூண்டா?" என்று கேட்டார். அக்கா 'இல்லை' என்றதும் நடந்துவிட்டார். பிறகு அக்கா என்னிடம் கேட்டது இன்றும் காதில் நிற்கிறது: "இம்புட்டு எழுதியிருக்கீங்க. இதுல பூண்டு எங்க தம்பி இருக்கு?"

அன்றிரவு ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தேன். நோய் நீங்கும் என்ற வரி முதலில் போயிற்று. உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று உரிமை கோருவதை 2018ஆம் ஆண்டின் உணவு விளம்பர ஒழுங்குமுறைகள் தடுக்கின்றன. அதை மெய்ப்பிக்க எங்களிடம் எதுவும் இல்லை. அடுத்து அந்தப் பெரிய எழுத்துப் பெயர். 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி, ஒரு பொருளுக்குப் பதிவு கிடைத்ததாலேயே அதை விளைவிக்கும் ஒவ்வொருவரும் அப்பெயரை அச்சிட்டுவிட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்துகொள்ளவேண்டும். அக்கா அப்போது பதிவு செய்திருக்கவில்லை. சட்டம் படித்தவன் நான், தவறும் என்னுடையதே. அப்பதிவுக்கு விண்ணப்பிக்கவேண்டும் என்று எடுத்துச் சொன்னதோடு, பையில் ஊர்ப்பெயரை முகவரியில் மட்டும் வைத்தோம்.

பெயரில் வேறொரு சிக்கலும் இருந்தது. 'வெளுத்துள்ளி' மலையாளச் சொல். விளைவிப்பவர்கள் சொல்வது 'பூண்டு'. 'மலைப்பூண்டு' என்று எழுதலாம் என்றால், 'கொடைக்கானல் மலைப்பூண்டு' 2019லேயே புவிசார் குறியீடு பெற்று வாங்குவோர் மனத்தில் இடம்பிடித்துவிட்டது. கொடைக்கானல் மலைத்தொடரின் மறுபக்கம்தான் வட்டவடை. அந்தச் சொல்லை எழுதினால் நம் பையைக் காட்டி அவர்களுக்கு விளம்பரம் செய்வதாகும். மதுரை அம்மா கேட்ட கேள்வியின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆல் ரீஸும் ஜாக் டிரவுட்டும் 1981இல் எழுதிய நூலில் வலியுறுத்துவது இதையே: போட்டி நடக்கும் இடம் வாங்குபவரின் மனம், அங்கே ஏற்கெனவே ஒருவர் அமர்ந்திருக்கும் நாற்காலியைக் கேட்டுப் பயனில்லை.

அப்படியானால் எந்த நாற்காலி காலி? விடை சமையலறையில் இருந்தது. மறுநாள் காலை ரசத்துக்கு நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். நான்கு பல் எடுத்ததைக் கண்ட அக்கா இரண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "ஊர்ல நாலு போடுற எடத்துல இங்க ரெண்டு பல்லு போதும். மிச்சத்த வையுங்க."

அதைத்தான் எழுதினோம். பையின் முகப்பில் 'இரண்டு பல் போதும்' என்ற ஒரே வரி. கீழே எங்கள் வயலில் விளைந்தது என்ற குறிப்பு, அறுவடை செய்த மாதம், எடை, விலை, முகவரி. ரோசர் ரீவ்ஸ் 1961இல் சொன்ன அளவுகோல்களை வைத்துப் பார்த்தால் அவ்வரியில் திட்டவட்டமான ஒரு பயன் உண்டு. பக்கத்துக் கடை அதைச் சொல்லியிருக்கவில்லை. விலை சற்றுக் கூடுதலாக இருப்பதற்கான காரணமும் அதிலேயே இருக்கிறது. வாங்க வந்தவர்கள் இப்போது "மெய்யாகவே ரெண்டு போதுமா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அக்கா ஒரு பல்லை நசுக்கி அவர்கள் கையில் வைப்பார்.

இதோடு நின்றிருந்தால் இது ஒரு வெற்றிக் கதை. அடுத்த ஆண்டு நான் மீண்டும் சென்றபோது விடுமுறைக் கூட்டம் நிறைந்திருந்தது. வீட்டில் பூண்டு தீர்ந்துபோயிருந்தது. கீழே சந்தையிலிருந்து நான்கு மூட்டை கொண்டுவந்து அதே பையில் நிரப்பலாம் என்றார் அவருடைய கொழுந்தனார். அவர் கெட்ட மனிதர் அல்லர். வீட்டில் கடன் இருந்தது. கூட்டம் வருவதும் சில நாள்களுக்குத்தான். "பாத்தா யாருக்கு அண்ணி தெரியப்போகுது?" என்றார்.

பொருளியல் மாணவர்கள் 1970இல் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் எழுதிய கட்டுரையை இங்கே நினைவுகூரலாம். தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்னும் சந்தையில், வாங்குபவர் சராசரித் தரத்துக்கான விலையையே தருவார். நல்ல பொருள் மெல்லச் சந்தையை விட்டு விலகும். வடுகபட்டிக்கு இறங்கும் மலைப் பூண்டின் நிலையும் ஏறக்குறைய அதுவே. அந்த நிலையிலிருந்து தப்பத்தான் பையும் வரியும் வந்தன. கொழுந்தனார் கேட்டது நியாயமான கேள்வி. பார்த்தால் தெரியாது, சமைத்தால் தெரியும். அதற்குள் அவர்கள் மூணாறு கடந்து போயிருப்பார்கள்.

அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ரெண்டு பல்லு போட்டு மணக்கலேன்னா, அவங்க அந்த வரியத்தானே திட்டுவாங்க? அது நாம சொன்ன வார்த்த இல்லையா?"

பை நிரப்பப்படவில்லை. கடையில் கேரட்டும் பீன்ஸும் மட்டும் இருந்தன. பூண்டு கேட்டு வந்தவர்களிடம் தீர்ந்துவிட்டது என்றார். அந்த விடுமுறைக் கூட்டத்தால் வந்திருக்கக்கூடிய பூண்டு வருமானம் முழுவதும் போயிற்று. கொழுந்தனார் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அந்த இழப்பை எந்த ஆண்டு ஈடுகட்டியது என்று எழுத எனக்கும் ஆசைதான். அவ்வளவு நேர்த்தியாக அது முடியவில்லை; கடன் இன்னும் இருக்கிறது, கடையும் இருக்கிறது.

என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் 'வணிகச் செய்தி' என்பதற்கு, நுகர்வோருக்கு நிறுவனம் தெரிவிக்கும் கருத்து என்று வரையறை எழுதியிருந்தேன். ஊர் திரும்பியதும் அதைத் திருத்தினேன். தெளிவான செய்தி வாங்குபவருக்குப் பொருளைப் புரியவைக்கிறது. அதைவிட முதன்மையாக, எதை விற்கக்கூடாது என்று விற்பவருக்குச் சொல்கிறது. பதினொரு வரி லேபிளை வைத்துக்கொண்டு எந்தப் பூண்டையும் விற்றிருக்கலாம். மூன்று சொல் சேர்ந்த பின் அது முடியாமல் போயிற்று.

திருத்திய பக்கத்தை நெறியாளர் படித்துவிட்டு, இதற்கு மேற்கோள் சான்று எங்கே என்று ஓரத்தில் குறித்திருக்கிறார். களப்பணிக் குறிப்பேடு, வட்டவடை என்று எழுதியிருக்கிறேன்.