செயின் வைத்த அடிபம்பு

எங்கள் கோவைப் பக்கத்துக் கிராமங்களில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரே மாதிரி அடிபம்புதான் நிற்கும். யார் செய்தது என்று கேட்டால், "கவர்மென்ட் பம்புங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எனக்கு அது போதவில்லை. பழைய அறிக்கைகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

1967 பீகார் வறட்சியின்போது பாறையைத் துளைக்கும் போர் வண்டிகளை யுனிசெஃப் கொண்டுவந்தது. அதன்பின் நாடு முழுக்க ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. மேலே பொருத்தியதோ வார்ப்பிரும்புப் பம்பு. வெளிநாட்டுப் பண்ணை வீடுகளில் ஒரு குடும்பம் அடிப்பதற்கென்று உருவான வடிவம் அது. இங்கே விடியும் முன்பிருந்து ஊரே வரிசையில் நின்று அடித்தது. 1974 வாக்கில் கணக்கெடுத்தபோது நான்கில் மூன்று பம்புகள் ஓடவில்லை. காலடியில் நல்ல தண்ணீர் இருந்தும் பெண்கள் மறுபடி குட்டைக்கே குடம் தூக்கிப் போயிருக்கிறார்கள். இதைப் படித்தபோது பொறுக்க முடியவில்லை.

தீர்வின் வேர் மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் மிஷன் ஆட்களும் உள்ளூர் மெக்கானிக்குகளும் வார்ப்பிரும்பை விட்டுவிட்டு எஃகில் பம்பு செய்து பார்த்தார்கள். சோலாப்பூர் பம்பைத்தான் யுனிசெஃப் எடுத்துக்கொண்டது. சென்னையில் ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் என்ற பொதுத்துறை ஆலை அதைத் திருத்திச் செய்தது. கோவை வட்டாரத்தின் ஆழமான போர்வெல்களில் ஓடவிட்டுச் சோதித்தார்கள். 1970-களின் பிற்பாதியில் 'இந்தியா மார்க் 2' பிறந்தது.

ஊராட்சி ஒன்றியத்தில் பம்பு மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எனக்காக ஒரு மார்க் 2 பம்பின் தலைப்பகுதி மூடியைக் கழற்றிக் காட்டினார். கைப்பிடியின் முனையில் கால்வட்டமாக ஓர் இரும்பு. அதன்மேல் படிந்து இறங்கும் செயின். செயினின் நுனியில் ராடு. "பாருங்க தம்பி, ராடு எந்நேரமும் நேராத்தான் தொங்கும். கோணாது, தேயாது," என்றார். செயினால் இழுக்க மட்டுமே முடியும். கீழே இறங்குவது ராடின் சொந்த எடையால். மேலே தூக்கும்போது கனமான கைப்பிடி சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. பம்பின் பீடமும் கிணற்றின் கேசிங் குழாயைத் தொடாமல் தனியாகக் கான்கிரீட்டில் நிற்கிறது. பழைய பம்பு கேசிங் மேலேயே உட்கார்ந்து ஆடி ஆடி விரிசல் விடும். அதன் வழியே சாக்கடைத் தண்ணீர் உள்ளே இறங்கும். குடிநீரைக் காத்ததில் செயினைவிட இந்தப் பீடத்துக்கே பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

குறையும் இருந்தது. "ஒரு வாசர் மாத்தோணும்னா பைப்பு பூராவும் மேல எடுக்கோணுங்க. நாலஞ்சு ஆளு வேணும்," என்றார் அதே பெரியவர். அந்தச் சிரமத்தைக் குறைக்கத்தான் 1980-களில் மறுபடி கோவையிலேயே சோதித்து மார்க் 3 செய்தார்கள். அதில் குழாயைக் கழற்றாமலே வாசரை வெளியே எடுக்கலாம்.

காப்புரிமை என்று யாரும் மார்க் 2-ஐப் பூட்டி வைக்கவில்லை. ஆப்பிரிக்கக் கிராமங்கள்வரை போயிற்று. உகாண்டாவில் ஓடும் யு2 பம்பு இதன் வாரிசுதான்.

இன்று ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய் வருகிறது. வரவேண்டியதுதான். ஆனால் இணைப்பு எத்தனை என்று எழுதும் ஊராட்சிப் பலகையில், பழுதானால் வரப்போகிறவரின் கைபேசி எண்ணையும் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் மார்க் 2 ஓடிய காலத்தில் ஊருக்கொரு காப்பாளர், ஒன்றியத்துக்கு மெக்கானிக், மாவட்டத்துக்கு வண்டியோடு ஒரு குழு என்று ஆள் இருந்தார்கள். அந்தப் பெரியவர் ஓய்வுபெற்ற இடத்துக்கு இன்னும் யாரையும் போடவில்லை.