முறிகண்டியில் ஐந்து நிமிடம்

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியால் தெற்கே வரும் வாகனங்கள் கிளிநொச்சியைத் தாண்டியதும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும். தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, திருநீறு பூசிக்கொண்டுதான் சாரதிமார் மேலே போவார்கள்.

அந்த ஐந்து நிமிடமே அங்குள்ள கச்சான் வியாபாரிகளின் சந்தை. காரில் இருந்தபடியே உணவு வாங்கும் கடை 1921இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் தொடங்கியதாகப் படித்திருக்கிறேன். எங்கள் முறிகண்டியிலோ காருக்கும் பஸ்ஸுக்கும் ஒரே உபசாரம்தான். இறங்க இயலாத முதியவரும், மடியில் குழந்தையோடு இருக்கும் தாயும் யன்னலால் கையை நீட்டினால் சூடான கச்சான் சரை வந்துவிடும்.

அண்மையில் அங்கே ஒரு அக்காவுடன் கதைத்தேன். கணவர் இல்லை. தாச்சியில் மணலைச் சூடாக்கி, கச்சானைப் போட்டுக் கிளறி, அரிதட்டால் அரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் பஸ்ஸடிக்குப் போறேல்லையோ அக்கா?"

"அடுப்பை விட்டிட்டுப் போனால் கருகிப்போகும் பிள்ளை. முந்தி மகள் யன்னலடிக்கு ஓடுவாள். இப்ப நான் விடுறேல்லை, அவள் படிக்கவேணும்."

மகள் நின்றால் வருமானம் கூடும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே எடுத்த முடிவு அது.

2002இல் பாதை திறந்தபோது தொடங்கிய வியாபாரம் இது. 2006 ஆகஸ்டில் பாதை மூடப்பட்டது. பின்னர் தாச்சியையும் கைவிட்டு இடம்பெயர்ந்து, 2009இல் செட்டிகுளம் முகாமுக்குப் போனார். மீளக் குடியமர்ந்த பின்பு, கடன்பட்டு வாங்கிய தாச்சியோடு திரும்பவும் இதே இடத்துக்கு வந்தார்.

"பாதை பூட்டினால் எங்கட அடுப்பும் நூந்துபோகும்" என்றார்.

பக்கத்துக் கடையிலும் ஒரு பெண் தனியாகவே நின்றார். ஒருவர் வறுக்க, மற்றவர் யன்னலடிக்குப் போய் விற்று, பின்னேரம் பங்கிட்டால் என்ன என்று கேட்டேன்.

"ஆர் கூட வித்தது எண்டு சண்டை வருமே!"

"ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ. கணக்கை மகள் பாப்பாள்."

அவர் சிரித்தார். பக்கத்துக் கடையைத் திரும்பிப் பார்த்து, "கேட்டுப் பாப்பம்" என்றார்.

பஸ் ஹோர்ன் அடித்தது. சரைக்கு மேல் இன்னொரு பிடி கச்சான் போட்டுத் தந்தார். சகோதரிகளே, அந்த வழியால் போனால் யன்னலோடு நின்றுவிடாதீர்கள். இறங்கி நாலடி நடந்து, அடுப்பை விட்டு வர இயலாதவரிடமும் ஒரு சரை வாங்குங்கள்.