கரையில் நின்ற தகப்பன்

குளத்தூரில் ஊழியம் செய்த நாட்களில், நீச்சல் கற்க வாஞ்சித்த என் மகளைக் குளத்தில் இறங்க விடவில்லை. அநேகரை ஞானஸ்நானத்திற்கென நெய்யாற்றில் இறக்கிய நானே, "பெண்பிள்ளைக்கு இது எதற்கு?" என்று தடுத்தேன்.

2022ஆம் ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிகளில் நடைபெற்ற பெண்கள் டிரையத்லானைக் குறித்து அவளே எனக்கு விவரித்தாள். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம்; இடையில் ஓய்வில்லை. பெர்முடாவின் ஃபுளோரா டஃபி தங்கம் வென்றார். நம் தேசத்தின் பிரக்ஞா மோகன் 26ஆவதாகவும், சஞ்சனா ஜோஷி 28ஆவதாகவும் ஓடி முடித்தார்கள்.

"பதக்கம் இல்லையே" என்றேன்.

"அவர்களைத் தண்ணீரில் இறங்க விட்டார்களே, அப்பா" என்றாள்.

அன்றிரவே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்று அவள் நகரத்து நீச்சல்குளத்தில் கற்றுவருகிறாள். நான் கரையில் நிற்கிறேன். தடுப்பதற்கு அல்ல, துண்டை ஏந்திக்கொண்டு.