பெயர் போடாத செய்தி

1997ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் ஒரு மாலை. சண்டிலிப்பாயில் என் பெரியப்பாவின் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு இருவர் வந்தனர். 1983க்குப் பின் குடாநாட்டில் முதன்முறையாக உள்ளூராட்சித் தேர்தல் நடைபெறவிருந்தது. வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபைக்கு வேட்பாளராக நிற்க முடியுமா என்று கேட்டனர். பெரியப்பா இளைப்பாறிய ஆசிரியர். வழுக்கியாற்றின் கரை உடைந்து வயல்களுக்குள் வெள்ளம் பாய்வதைப் பற்றி முப்பது ஆண்டுகளாக மனு எழுதி வந்தவர். ஆசை அவருக்கு இருந்தது. அது முகத்திலேயே தெரிந்தது.

உள்ளேயிருந்து பெரியம்மா கேட்டார்: "பொன்னாலைக் கோயில் வாசலில நடந்தது மறந்துபோச்சோ?"

யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27ஆம் திகதி சுடப்பட்டது அங்கேதான். பொன்னாலை எங்களுக்குத் தூரமில்லை. நானும் பெரியம்மாவின் பக்கமே நின்றேன். புலிகள் அத்தேர்தலை எதிர்த்தனர்; இராணுவக் கட்டுப்பாட்டில் நடக்கும் தேர்தலில் நிற்பவர் எவரும் இரு பக்கத்துக்கும் நடுவில் நிற்பவரே. பெரியப்பா மறுத்துவிட்டார்.

1998 ஜனவரி 29ஆம் திகதி தேர்தல் நடந்தது. யாழ். மாநகரசபையின் முதல் பெண் மேயரானார் சரோஜினி யோகேஸ்வரன். அவருடைய கணவர் வெ. யோகேஸ்வரன் 1989 ஜூலை 13ஆம் திகதி கொழும்பில் அமிர்தலிங்கத்துடன் சுட்டுக் கொல்லப்பட்டவர். அந்த இழப்பின் பின்னரும் அதே கட்சியின் சார்பில் அவர் வந்து நின்றார் என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு வியப்பே. தேர்தல் முடிந்து நான்கு மாதம்கூட நிறையவில்லை. மே 17ஆம் திகதி வீட்டில் வைத்தே சுடப்பட்டார். சங்கிலியன் படை என்ற பெயரில் உரிமை கோரப்பட்டது. புலிகளின் மறுபெயர் அது என்றே பரவலாக நம்பப்பட்டது.

அடுத்து மேயரானவர் சட்டத்தரணி பொன். சிவபாலன். செப்டெம்பர் 11ஆம் திகதி, நகரப் போக்குவரத்து ஒழுங்கைப் பற்றிப் படை, பொலிஸ் அதிகாரிகளுடன் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது குண்டு வெடித்து மாண்டார். போக்குவரத்து ஒழுங்கு! உயிரைக் கொடுத்துப் பேசவேண்டிய விடயமா அது? பின்னர் அதே சபைக்கு மேயராக இருந்து பாராளுமன்றம் சென்ற நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10ஆம் திகதி கொழும்பில் சுடப்பட்டார். இம்முறை குற்றஞ்சாட்டப்பட்டோரில் கடற்படையினர் இருந்தனர். 2016 டிசம்பரில் யூரர் சபை அவர்களை விடுவித்தது. சுடுபவரின் பக்கம் மாறியது. சுடப்படுபவரின் பக்கம் மாறவில்லை.

மீண்டும் 1998 மே மாதத்துக்கே வருகிறேன். அப்போது நான் இளம் பத்திரிகையாளன். மேயரின் கொலையைப் பற்றி நான் எழுதிய குறிப்பில் "இனந்தெரியாதோர்" என்ற சொல் இருந்தது. என் பெயர் இருக்கவில்லை. பெயர் போடவேண்டாம் என்று ஆசிரியபீடத்தில் கேட்டுக்கொண்டவன் நானே. எவரும் என்னை வற்புறுத்தவில்லை.

அந்த ஞாயிறுக்கு அடுத்த வாரம் சண்டிலிப்பாய்க்குச் சைக்கிளில் போனேன். பெரியப்பா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்து அந்தக் குறிப்பையே வாசித்துக்கொண்டிருந்தார். வாசித்து முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆர் தம்பி இதை எழுதினது?"

"எங்கட நிருபர் ஒருவர், பெரியப்பா."

அவருக்குத் தெரியும். என் வசனத்தைச் சிறுவயதில் திருத்தியவரே அவர்தான். பத்திரிகையை நான்காக மடித்துக் கதிரையின் கீழே வைத்தார்.

"நானும் நிக்கேல்லைத்தானே" என்றார். பிறகு, மழைக்கு முன்னர் ஆற்றங்கரையை எவராவது வந்து பார்ப்பார்களா என்று கேட்டார்.