வில்லியம் ஆன பையன்

ஆங்கிலேயர் தம் ஆண் குழந்தைகளுக்கு இடும் பெயர்களையும் அவற்றின் பொருளையும் அகர வரிசையில் தரும் சிறு புத்தகங்கள் உண்டு. தூக்கம் வராத இரவுகளில் நான் நாவல் பக்கம் போவதில்லை. அப்படியொரு புத்தகத்தைத்தான் எடுத்துக்கொள்வேன். எட்வர்ட் என்றால் செல்வத்தைக் காப்பவன். ஆல்ஃபிரெட் என்றால் குட்டித் தேவதைகளின் யோசனை பெற்றவன். ரிச்சர்ட் என்றால் வலிமை மிக்க அரசன். பக்கத்துக்குப் பக்கம் வீரனும் வேந்தனும்தான்! இத்தனை பேரும் பெயருக்கேற்ப வாழ்ந்திருந்தால் இங்கிலாந்தில் ஏர் பிடிக்க ஆள் கிடைத்திருக்குமா, சொல்லுங்கள்.

பொருளைப் பார்த்தா பெயர் வைத்தார்கள் என்று சில சமயம் எனக்குச் சந்தேகம் வரும். வுல்ஃப்ஸ்டன் என்ற பழைய பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அகராதிப்படி அதன் பொருள் ‘ஓநாய்க் கல்’. எந்தத் தாயாவது தன் பிள்ளையை ‘ஓநாய்க் கல்லே’ என்று கொஞ்சுவாளா? 1062 முதல் 1095 வரை வூஸ்டர் நகரில் பிஷப்பாக இருந்த வுல்ஃப்ஸ்டனின் சரித்திரத்தில் இதற்கு விடை இருக்கிறது. அவருடைய தாயின் பெயர் வுல்ஃப்கிஃபு. தந்தையின் பெயர் ஏதல்ஸ்டன். தாயின் பெயரில் முன்பாதி, தந்தையின் பெயரில் பின்பாதி. இரண்டும் சேர்ந்து மகனுக்குப் பெயராயிற்று. அகராதியில் அது ஓநாயும் கல்லும். வீட்டிலோ அது அம்மாவும் அப்பாவும்.

இந்த அழகான வழக்கத்துக்கு ஒரு முடிவு வந்தது. 1066-இல் நார்மண்டியின் பிரபு வில்லியம் கடல் கடந்து வந்து, ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று, இங்கிலாந்தின் முடியைச் சூடிக்கொண்டான். உள்ளூர்ப் பிரபுக்களின் நிலம் போயிற்று, பதவிகள் போயின. பெயர்களை மாற்றிக்கொள்ளச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. இருந்தும் சுமார் இரண்டு நூற்றாண்டுக்குள் பழைய பெயர்களில் பெரும்பாலானவை வழக்கொழிந்தன. உழவன் வீட்டுத் தொட்டிலிலும் வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஹென்றி என்று வந்தவர்களின் பெயர்களே கிடந்தன.

இது எப்படி நடந்தது என்பதை ஒரு பையனின் கதை காட்டுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் விட்பி என்ற கடற்கரை ஊரில் ஒரு பிள்ளைக்குப் பெற்றோர் டாஸ்டிக் என்று பெயரிட்டார்கள். அது வடகடலோடிகளின் வழிவந்த பழைய பெயர். உடன் விளையாடிய பையன்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பிள்ளையின் பெயர் வில்லியம் என்று மாறிற்று. பின்னாளில் அவர் டர்ஹம் மடத்தில் துறவியாகிப் பார்த்தலோமியு என்ற மூன்றாவது பெயரை ஏற்றார். ஃபார்ன் தீவில் தனிமையில் தவம் செய்து 1193-இல் காலமானார்.

அந்தப் பையனை மாற்றியவர்கள் வாளேந்திய வீரர்கள் அல்லர் என்பதுதான் என் மனத்தில் தைக்கிறது. கூடப் பம்பரம் சுற்றும் வயதுப் பிள்ளைகள்! ஒரு தேசத்தைப் பிடிக்கப் படை வேண்டும். ஒரு பெயரை அழிக்க நாலு பையன்களின் சிரிப்புப் போதும். ஆனாலும் பிள்ளைகளுக்கு வில்லியம் என்று பெயரிட்டவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தான் பட்ட அவமானம் தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று நினைக்காத தகப்பன் எந்த நாட்டில் இருக்கிறான்?

தோற்றவர்களின் பெயர்களில் சில பிழைத்தன. வென்றவனின் வம்சத்தில் வந்த மூன்றாம் ஹென்றிக்குப் பழைய ஆங்கில மன்னரான புனித எட்வர்டிடம் அளவற்ற பக்தி. 1239-இல் பிறந்த மூத்த மகனுக்கு அந்தப் பெயரையே இட்டார். தாமஸ் என்பதற்கு அரமேய மொழியில் ‘இரட்டைப் பிள்ளை’ என்று அர்த்தம். 1170-இல் கான்டர்பரி ஆலயத்தில் தாமஸ் பெக்கெட் வெட்டுண்டு மாண்டபின், தனித்துப் பிறந்த பிள்ளைகளும் நாடெங்கும் தாமஸ் ஆனார்கள். அவர்களைப் பெற்றவர்கள் அரமேயம் அறிந்தவர்களா என்ன? அவர்கள் அறிந்தது அந்த மனிதரை.

2023-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஆண் குழந்தைகளுக்கு மிகுதியாக இடப்பட்ட பெயர் முகம்மது என்று அரசாங்கப் புள்ளிவிவரம் கூறுகிறது. ‘புகழப்பட்டவர்’ என்பது அதன் பொருள். அந்தப் பெற்றோரும் அகராதியைப் புரட்டிப் பெயர் தேடியிருக்க மாட்டார்கள். தாம் போற்றும் ஒருவரின் பெயரைப் பிள்ளைக்குச் சொத்தாகக் கொடுத்திருக்கிறார்கள். எண்ணூறு ஆண்டுக்கு முந்திய தாமஸ்களின் பெற்றோர் செய்ததும் இதுதான்.

விட்பி பையனின் சரித்திரத்தில் ஒன்று மட்டும் எழுதப்படவில்லை. கதை எழுதுகிறவனுக்கு அதுதான் முக்கியம். தெருவில் எல்லோரும் வில்லியம் என்று கூப்பிடத் தொடங்கிய பிறகு, அந்தி நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு, சாப்பிட வரும்படி அவன் தாய் எந்தப் பெயரைச் சொல்லி அழைத்திருப்பாள்?